நனையாத நவம்பர்

உச்சிப்புளி தாண்டியதும்
பேருந்தின் கண்ணாடிகளை இறக்கிவிட்டார்கள்.
அப்படியும் மணல் பல்லில் கடிபட்டது.
மடியில் பை: சரிபார்ப்புப் படிவம்,
சிவப்புப் பேனா இரண்டு, தயிர்சோறு.

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை
நூற்றுப் பதினான்கு சிசேரியன்.
ஒரு தையலிலும் சீழ் இல்லை.
"மாவட்டத்துலயே நாமதான் மேடம்"
என்று காபி வரவழைத்தார் கண்காணிப்பாளர்.
அவர் தலைக்கு மேல் கேடயம்.
ஆணியின் துரு சுவரில்
ஒரு விரல் நீளம் வழிந்திருந்தது.

பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன்.
இந்தக் கரையில்
வாடைக்காற்றில் கிடந்த எந்த நோட்டும்
அப்பளம்போல் நெளிந்து
அட்டை உப்பிப் போயிருக்கும்.
இது மொடமொடவென்றிருந்தது.
புயல்கூண்டு ஏற்றிய பதினாறாம் தேதியும்
கரண்ட் இல்லாத இரண்டு இரவும்
ஒரே பேனா, ஒரே சாய்வு,
நடுவில் ஒரு கொட்டாவிகூட இல்லை.
இந்த நோட்டு மழையையே பார்த்ததில்லை.

ஆய்வகத்தில் சீனி நெய்னாவின் நோட்டு
பார்த்திருந்தது. நன்றாகவே பார்த்திருந்தது.
ஒட்டிப்போன தாள்களை
ஸ்கேலால் பிரித்துக் கொடுத்தார்.
சீழ் மாதிரி பத்தொன்பது.
கிருமி வளர்ந்தது ஏழில்.
"யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்
குற்றமும் இல்லாமல் பெருமையும் இல்லாமல்.

ஆகஸ்டு வரை பிரசவ வார்டில்
அமலோற்பவம் சிஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தார்.
வீட்டுக்குப் போனவர்களையும் விடாமல்
முப்பதாம் நாள் போன் போட்டு,
"தையல் எப்படிம்மா இருக்கு, ஈரமா, காய்ஞ்சிருக்கா?"
அவர் கணக்கில் பதினொன்று.
உங்கள் வார்டில் மட்டும் ஏன் என்று மெமோ வந்தது.
பிறகு சீட்டுக் கிழிக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள்.
மறுமாதமே கிருமி ஒழிந்தது.

ஜன்னலுக்குப் போனேன்.
பேசவில்லை அவர். வரிசை நீண்டிருந்தது.
அடிச்சீட்டுக் கட்டை மட்டும்
கம்பிக்கடியில் தள்ளிவிட்டார்.
சில சீட்டுகளின் மூலையில்
குண்டூசித் தலையளவு பெருக்கல் குறி.

அப்படியொரு குறிதான் நம்புத்தாய்.
முழங்கால் தண்ணீரில் நின்று
பாசிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.
ஒன்பதாம் நாள் பிரிந்த தையலுக்குத்
தோட்டை அடகு வைத்ததைச் சொன்னாள்.
"ஆசுபத்திரி மேல தப்பு இல்லக்கா,
அங்க இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.
வீட்டுக்கு வந்த பொறவுதான்."
எங்கள் படிவம் சொல்வதும்
கிட்டத்தட்ட இதே வாக்கியம்.

ஏலக்கொட்டகையில் ஒருவன்
படகுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.
வலை போட்டும் மீன் படாத படகுக்குச் சுழியம்.
கடலுக்கே போகாத படகுக்கு ஒரு கோடு.
வெயில் ஏறும்வரை
அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
என் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

சாயங்காலம் கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்து
ஒரு பக்கத்தைக் காட்டினார். கோபமில்லை.
"நீங்களே பார்த்ததுதானே மேடம்."
செப்டம்பர், அக்டோபர், நவம்பர்:
சரிபார்க்கப்பட்டது.
டிசம்பரில்
என் மகளுக்குக் காய்ச்சல் அடித்த வாரம்
போனிலேயே கேட்டுப் போட்ட கையெழுத்து.
பெயரின் கடைசி எழுத்தை நான் எப்போதும்
வால்விட்டு இழுப்பேன். இழுத்திருந்தது.

கடைசிப் பேருந்துக்கு நேரமிருந்தது.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
முதல் கோடு என் பெயரின் மேல்.
அப்புறம் அந்த மூன்று சுழியங்களையும்
சுழியமாக விடாமல்
ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு.
டிசம்பருக்குப் போவதற்குள் பேனா நின்றுவிட்டது.
உதறினேன். காற்றில் ஈரம்.
பையில் தயிர்சோறு புளித்திருக்கும்.
இன்னொரு பேனா எங்கே என்று
துழாவிக்கொண்டிருந்தேன்.