ரப்பர் வளையம்

திங்கள் மாலை இல்போ தன் கடை வேனிலிருந்து
அந்தச் சைக்கிளை இறக்கினான்.
முன்னும் பின்னும் சஸ்பென்ஷன்.
என் எடையைக் கேட்டான், எண்பத்தெட்டு என்றேன்,
அதற்கேற்பப் பின்ஷாக்கில் காற்றடித்தான்.
விலைச்சீட்டை உள்ளங்கையால் மறைத்தபடி
"ஒரு வாரம் ஓட்டிப் பார், பிறகு பேசலாம்."

கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த என் பழையது
எதுவும் சொல்லவில்லை.
அதற்குப் பின்பக்கம் வெறும் இரும்பு.

என் பாதை பெரிய பாதை இல்லை.
குவோபியோவுக்கு வடக்கே
ஒட்டுப்பலகை ஆலையின் வாசலிலிருந்து
பைன் மரங்களுக்குள் ஒன்பது கிலோமீட்டர்,
ஏரியை ஒட்டி ஒரு வளைவு, பிறகு வீடு.
பனி உருகியதிலிருந்து அடுத்த பனி வரை
வாரத்துக்கு ஐந்து நாள்.
மின்கம்பிகளுக்குக் கீழே வரும் மூன்று வேர்களை
என் இடுப்பு எண்ணும்.
மழையில் எந்தப் பாறை வழுக்கும் என்பதைக்
கண்ணைக் கேட்காமல் பாதம் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை
வேர்களெல்லாம் அடுத்த வீட்டுப் பேச்சுபோல்
கீழே எங்கோ நடந்தன.
இருபது வருடமாக என்னை "வாடா" என்ற பாதை
திடீரென்று "வாங்க" என்றது.
எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஏற்றத்தில் வேறு கதை.
ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தலையாட்டல்,
என் பலத்தில் கொஞ்சம் தரகு.
அதற்குத்தான் நீல நெம்புகோல்:
ஏறும்போது பூட்டு, இறங்கும்போது திற.
திறக்க மறந்து மறுபக்கம் முழுக்க இறங்கினேன்,
என் பழைய சைக்கிளின் மேலேயே,
இரண்டு கிலோ கூடுதலாக.

ஆனால் புதன் இரவு இடுப்பு வலிக்கவில்லை.
கணக்கு என்றால் அதையும் எழுத வேண்டும்.

பின்ஷாக்கின் தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம்.
அன்றைக்கு விழுந்த அடிகளில் எது பெரிதோ
அதுவரை நகர்ந்து நின்றுவிடும்.
செவ்வாய்: பாதித் தண்டு.
புதன்: பாதிக்கும் கீழே.
வியாழன், வேண்டுமென்றே பாறைமேல் விட்டேன்:
பாதியும் ஒரு நூலும்.
மீதித் தண்டு புதுசாக மின்னியது.
ஈயை அடிக்க ஈட்டி எதற்கு
என்று வெள்ளி இரவு முடிவு செய்து
வளையத்தை அடியில் தள்ளிவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை
வளையம் தண்டின் கடைசியில் இருந்தது.
அதற்குமேல் போக இடமில்லை.
சீட்டு நான்கு விரல் இறங்கியிருந்தது.
டயரின் பற்களுக்கிடையே வெள்ளைத் தூள்.
என் பாதையில் வெள்ளைத் தூள் கிடையாது.
பழைய கல்குவாரியில் உண்டு.

சமையலறையில் மார்கெட்டா
கம்பு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.
முழங்கையில் சிராய்ப்பு, முடியில் மரப்பாசி.
நகராட்சியின் நூலக பஸ்ஸை ஓட்டுகிறவள்,
மண்சாலையில் ஒரு புத்தகம் சரியாமல்
நாள் முழுக்க ஓட்டுகிறவள்.
ஜூன் மாதம், இரவு என்று ஒன்று கிடையாது,
மூன்று மணிக்கே எழுந்து போயிருக்கிறாள்.
"இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது"
என்றாள், வெண்ணெயை என் பக்கம் நகர்த்தி.

எண்பத்தெட்டு கிலோவுக்கு அடித்த காற்று.
அவள் அறுபத்தொன்று.
எவ்வளவு உயரத்திலிருந்து என்று
கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

திங்கட்கிழமை இல்போ வந்தான்.
"எப்படி, தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா?"
"யாருடைய தினசரிக்கு?"
அவன் என்னைப் பார்த்தான், பிறகு
ஹெல்மெட்டோடு படியிறங்கி வந்தவளைப் பார்த்தான்,
குனிந்து வால்வைத் திறந்தான்.
இருபத்தேழு கிலோ என் காற்று
நீளமாகச் சீறி வெளியே போனது.

நான் பழையதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
மின்கம்பிகளுக்குக் கீழே
முதல் வேர் "வாடா" என்றது.