பிரசோற்பத்தி

பிறந்த ஆண்டுக்குப் பிரசோற்பத்தி என்று பெயர்.
மக்கள் பெருகுதல் என்று அர்த்தம்.
வீரவநல்லூர்க் கணக்கு பால்வண்ணம்
ஓலைத் தலைப்பில் அதைக் கீறிவிட்டு
எழுத்தாணியை மடியில் வைத்துச்
சற்று நேரம் சும்மா இருந்தார்.

போன தையிலும் மாசியிலும்
பெய்யக்கூடாத மழை.
பங்குனிக்குள் காய்ச்சல்
கன்னடியன் கால் போகிற வழியே போயிற்று,
மடை மடையாக.
மேல்மடையில் ஏழு வீடு.
நடுமடையில் எரிக்க விறகில்லை.
கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கும் ஒழுங்காக வந்ததில்லை.
இது வந்தது.

கச்சேரியில் கேட்டிருக்கிறார்கள்:
நஞ்சை முந்நூற்றுப் பதினோரு கோட்டை விதைப்பாட்டில்
தரிசு நூற்று நாற்பது. காரணம் என்ன?
'ஆள் இல்லை' என்று எழுதினார்.
மொட்டையாகப் பட்டது. ஓலையில் அழிக்க முடியாது,
கீறலின் மேல் கீறல்தான்.
'உழுகிறவன் ஊரில் இல்லை.'
பொய்யும் இல்லை.

பூலுடையான் நிஜமாகவே ஊரில் இல்லை.
மண்வெட்டியோடு பாளையங்கோட்டைக்குப் போனவனைப்
பட்டாளத்துக்குப் பள்ளம் வெட்டச் சேர்த்து
சென்னப்பட்டணத்தில் கப்பலேற்றினார்கள்.
சாவகமாம். அங்கே ஒலாந்தாக்காரனோடு சண்டையாம்.
ஆவணியில் கோட்டை விழுந்ததென்று
ஐப்பசிவரை இங்கே யாருக்கும் தெரியாது.
விழுந்த கோட்டைக்கு எத்தனை பேர் விலை என்று
அப்புறமும் தெரியாது.

அந்த ஐப்பசியில் வடமேற்கே,
மலைக்கு மேலே,
வால்வெள்ளி.
துடைப்பத்தைத் தலைகீழாக மாட்டினாற்போல.
பூலுடையான் பெண்டாட்டி புனமாலை
சம்பளப் பாக்கி கேட்க வந்தவள்
அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"சாவகத்திலயும் இது தெரியுமா?"
"தெரியும்" என்றார், தெரியாமலே.
"அப்ப அங்கயும் காய்ச்சல்தான்."
சம்பளம் கேட்காமல் போய்விட்டாள்.

வெள்ளி பிந்தி வந்தது, நோய் முந்தி வந்தது
என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.
வரவுக்கு முன் செலவு.
கணக்குக்குப் பொருந்தாத ஆண்டு.

காயலிலிருந்து துணி எடுக்க வந்த உவைசு லெப்பை
மிசுறுச் சேதி சொன்னார்.
பாஷா தன் பிரபுக்களைக் கோட்டைக்கு விருந்தழைத்து
திரும்புகிற சந்தில் கதவைச் சாத்தி
நானூறோ ஐந்நூறோ, சுட்டுத் தள்ளிவிட்டானாம்.
பால்வண்ணம் கேட்டது ஒன்றுதான்:
"சாப்பாடு போட்டானா, இல்லையா?"
லெப்பைக்கு அது தெரியவில்லை.

சீமையில் நெசவாளிகளே ராத்திரியில் முகம் மறைத்து
சம்மட்டியால் தறிகளை உடைக்கிறார்கள்
என்ற பேச்சு அடுத்த சித்திரையில்தான் வந்தது.
நன்னையா சிரிக்கவில்லை.
அவர் வீட்டில் மூன்று தறி,
நெய்யக் கை ஒரு ஜோடி.
"உடைக்கவும் ஆள் வேணுமே" என்றார்.

வராமலே போன சேதியும் உண்டு.
மார்கழி மூன்றாம் நாள்,
அமெரிக்காவில் ஒரு பேராற்றங்கரையில்
நடுராத்திரி கழிந்து நிலம் பிளந்து
மணலைக் கக்கியது. மரங்கள் நின்றபடி ஆற்றில் இறங்கின.
இங்கே உச்சி சாய்ந்த நேரம்.
பால்வண்ணம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.
செம்புத் தண்ணீர் அசையவில்லை.

ஜமாபந்திக்கு முந்தின ராத்திரி
'இதர இனம்' என்று ஒரு வரி மிச்சமிருந்தது.
வால்வெள்ளியை எழுத நினைத்தார்.
அதற்குத் தீர்வை உண்டா என்று கேட்பார்கள்.
விட்டுவிட்டார்.
பிறப்புக்கும் இனம் இல்லை.
ஓலையின் பின்புறம், தனக்காக,
சின்ன எழுத்தில்:
'வடக்குத் தெருவில் ஒரு பெண்.
பேர் இன்னும் வைக்கவில்லை.'

கச்சேரியின் பதில் தையில் வந்தது.
தள்ளுபடிக்குச் சம்மதம்.
ஊரில் இல்லாதவர்கள்
எப்போது திரும்புவார்கள் என்று
தேதியோடு தெரிவிக்கவும்.