பதினோராம் வாரம்

டுலூத்தில் நவம்பர் வந்துவிட்டால்
மாலை ஐந்தரைக்கே நள்ளிரவு.
ஏரியில் இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று ஊதும்,
நான் வருகைப் பதிவைத் திறப்பேன்.
அறை எண் 214. நீள மேசை.
அதன் ஒரு காலுக்கடியில் மடித்துச் செருகியிருப்பது
எந்த ஆண்டுக்கோ உரிய மாவட்ட வரவுசெலவுத் திட்டம்.
இதற்காவது பயன்பட்டதே என்று
வரி மதிப்பீட்டு அலுவலகத்து மோரின் ஸ்டென்பர்க்
முதல் நாள் சொன்னாள்.
அந்தச் சிரிப்பில்தான் வகுப்பு தொடங்கியது என்று
பாடத்திட்டத்தில் எழுத முடியாது.

பதின்மூன்று பேர். எல்லாரும் பகலில் அரசாங்கம்.
தண்ணீர்க் கட்டணம், நாய் உரிமம், சிறை உணவு ஒப்பந்தம்.
மாலையில் வந்து
பகலெல்லாம் தாங்கள் செய்ததற்கு
என்ன பெயர் என்று கேட்கிறார்கள்.
பெயர் சொல்கிறேன். அதற்குத்தான் சம்பளம்.

அறையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச்
சும்மா இருக்கலாம்.
வெப்பக்குழாய் முனகும்.
பாக்கூ வாங் மூச்சை இழுத்தால்
இன்னும் நான்கு நொடியில் மறுக்கப்போகிறாள்.
திரையில் அதே மௌனம்
பழுது.
கேட்கிறதா? கேட்கிறது, கேட்கிறது. யாருக்கோ எதிரொலிக்கிறது.
அதைக் காப்பாற்றத் தெரியாமல்
நானே பதில் சொல்லிவிடுகிறேன்.
கேள்வியும் என்னுடையது என்பதால்
விடையில் பெரிய குறை இருப்பதில்லை.

பதினோராம் வாரம் புயல். வளாகம் மூடல்.
பதின்மூன்று சதுரங்கள்.
அன்றைய பாடம் விருப்புரிமை:
விதி முடிகிற இடத்தில்
கடைநிலை ஊழியர் என்ன செய்கிறார்.
பன்னிரண்டு சதுரங்களில் சுவர், அலமாரி,
ஒரு பூனையின் பின்பக்கம்.
பதின்மூன்றாவதில் டேரல் கிவேலா,
சாலைத் துறை, ஆரஞ்சுச் சட்டை,
பனியகற்றும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில்.
"வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, புரொஃபசர்.
இது என் இடைவேளை."

பத்து வாரமாகக் கதவோர நாற்காலி,
வாய் திறந்ததில்லை.
பங்கேற்புக்குப் பதினைந்து மதிப்பெண்.
நான்கு போட்டு வைத்திருந்தேன், பென்சிலில்.

நான்கு வகைகளில் மூன்றாவதை நடத்திக்கொண்டிருந்தபோது
அவன் வானொலி கரகரத்தது.
எல்லாருக்கும் கேட்டது.
பிர்ச் மேட்டுச் சாலை, கடைசி வீடு,
ஆம்புலன்ஸ் பாதி வழியில் சிக்கி நிற்கிறது.
கட்டுப்பாட்டு அறைப் பெண் நிறுத்தினாள். பிறகு,
"வரிசைப்படி உனக்கு அடுத்தது மருத்துவமனைச் சாலை.
நான் எதுவும் சொல்லவில்லை."

அவன் எங்களைப் பார்த்தான்.
எங்களை அல்ல, கைபேசியின் பச்சைப் புள்ளியை.
யாரும் மைக்கைத் திறக்கவில்லை.
அந்த ஒரு தடவை
திரையின் மௌனம் பழுதாக இல்லை.
"மன்னிக்க வேண்டும்."
சதுரம் கறுத்து
பெயர் மட்டும் வெள்ளையில் நின்றது.
நான் நான்காவது வகைக்குப் போனேன்.
போனேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வியாழன் வந்தான்.
பூட்ஸைக் கழற்றி வெப்பக்குழாயருகில் வைத்தான்.
ஈரக் கம்பளிக் காலுறையின் வாடை,
எந்த இணைப்பிலும் வராதது.
ரெனே டீஃபோ கேட்காமலே
அவன் முன் ஒரு காப்பியை வைத்தாள்.

எந்தப் பக்கம் திருப்பினாய்?
குறுக்கே இருப்பது மேசை மட்டும்.
புயலில், பன்னிரண்டு மைல் தள்ளி,
அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கியதைப் பார்த்தவள் நான்.
இங்கே அவன் குனிந்திருக்கிறான்,
தொப்பியின் விளிம்புதான் தெரிகிறது.

"போன வாரம் எங்கே விட்டோம்?"
சும்மா இருந்தேன்.
வெப்பக்குழாய் முனகியது.
பாக்கூ மூச்சை இழுத்து, விட்டுவிட்டாள்.
மோரின் குனிந்து மேசைக்காலின் காகிதத்தைச் சரிசெய்தாள்,
மேசை ஆடவே இல்லை.

"நான்காவது வகை," என்றான் டேரல்.
"நான் போன பிறகு நடத்தினீர்களாமே."
பேனாவைத் திறந்து வைத்திருந்தான்,
எழுதிக்கொள்ள.