சிவப்பு இங்கே புவி

சமையலறை மேசையில் விரித்திருக்கிறேன்
மிஞ்சிய சுவர்த்தாளின் பின்பக்கத்தை.
ஒன்றுக்கு ஐம்பது என்று அளவு.
சோலிங்கனில் ஒரு சரிவில் வரிசைவீடு,
ஐம்பத்தேழில் கட்டியது,
எங்கள் பெயருக்கு வந்து பதினெட்டு நாள்.
வங்கியின் பெயருக்கும்.

முன்பிருந்தவர்கள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
இந்த ஊரில் அதுதான் வழக்கம்.
அறைக்கு அறை சீலிங் நடுவில் தொங்குகிறது கம்பி,
ஏதோ கேட்க வாயெடுத்து
வேண்டாமென்று விட்டதுபோல.

தயாநேசனுக்கு அறைக்கொன்று, நடுவில், போதும்.
“நடு எண்டா நடு. இதுக்கேன் படம்?”
நடுவில் யார் இருக்கிறார்கள்?
சோபா ஜன்னலோரம்.
மகன் படிப்பது மூலையில், சுவரைப் பார்த்தபடி.
உடுப்பு மடிக்கிற நான் கதவுக்குப் பின்னால்.
நடுவில் கம்பளம் மட்டும் வெளிச்சமாய்ப் படுத்திருக்கும்.

மூன்று நாள் ஆளையாள் கவனித்துக் குறித்தேன்.
வெதுப்பகத்துக்கு அதிகாலை மூன்றேகாலுக்குப் போகிறவன்
எங்களை எழுப்பாமல் இருட்டில் இறங்குகிறான்,
திரும்புகிற ஏழாம் படிவரை
வாய்க்குள் எண்ணி.
அந்தப் படிக்கு மேலே ஒரு வட்டம் போட்டேன்,
வட்டத்துக்குள் பெருக்கல் குறி.
மேலே ஒரு சுவிட்ச். கீழே ஒரு சுவிட்ச்.
அவன் போட்டதை நான் அணைக்கலாம்,
நான் அணைத்ததை அவன் போடலாம்,
கடைசியாய்த் தொட்டது யாரென்று விளக்கு கேட்காது.
பதினாறு வருடக் கலியாணத்தில்
இவ்வளவு தெளிவாக நாங்கள் எதையும் வரைந்துகொண்டதில்லை.

வயர் மிச்சம் பிடிக்க
சுவிட்சிலிருந்து சுவர்வழியே சாய்வாகக் கோடு இழுத்திருந்தேன்.
நாலு அறைக்கும் சேர்த்து ஐந்து மீட்டர் லாபம்.
வந்தாள் ஃபிராவ் லூட்கே, மின்வேலை மாஸ்டர்,
என்னைவிடப் பதினொரு வயது இளையவள்.
கேட்காமலே என் அழிறப்பரை எடுத்தாள்.
சுவருக்குள் வயர் நேர்குத்தாகப் போகும்,
இல்லாவிட்டால் கிடையாக. சாய்வு கிடையாது.
“நீங்கள் விற்றுவிட்டுப் போன பிறகு
யாரோ ஒருத்தர் படம் மாட்ட ஆணி அடிப்பார்.
உங்களை அவருக்குத் தெரியாது.”

எனக்கும் ஏணியில் ஏறத் தெரியும்.
வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி, ஒன்றரை வருடம்.
சான்றிதழ் இங்கே செல்லாது:
கோடு போடலாம், சுவர் வெட்டலாம்,
இணைக்கக் கூடாது.

சீலிங் பெட்டியைத் திறந்தாள்.
சாம்பல், கறுப்பு, சிவப்பு.
“சிவப்பு உயிர்” என்றேன், “கறுப்பு நொதுமல்.”
தமிழிலேயே சொல்லிவிட்டேன் போல.
அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
கரண்ட் பார்க்கும் கருவியைக் கறுப்பில் வைத்தாள்.
எரிந்தது.
சிவப்பில் வைத்தாள்.
ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் இங்கே சிவப்புத்தான் புவிக்கம்பியாம்.
ஆபத்தென்று நான் மனனம் பண்ணிய நிறம்
அறுபது வருடத்துக்கு மேல் இந்த வீட்டில்
ஆட்களைக் காக்கத்தான் கிடந்திருக்கிறது.
தனியே ஏறியிருந்தால்
சிவப்பை மரியாதையாக விலக்கிவிட்டு
கறுப்பைத்தான் பிடித்திருப்பேன்,
பரீட்சையில் எழுதியபடி.

எல்லாம் புதிதாய் இழுக்கவேண்டும் என்றாள்.
விலைத்தாளைத் தயாநேசன் இரண்டு தரம் வாசித்தான்,
இரண்டாம் தரம் கண்ணாடி போட்டு.
“நடுவில ஒண்டு எண்டிருந்தா...”
முடிக்கவில்லை.
முன்னறைக்கு மட்டும் நடுவில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
பழுப்பு உயிர், நீலம் நொதுமல், பச்சைமஞ்சள் புவி.
மடித்து மின்பெட்டிக் கதவுக்குள் செருகுவேன்,
ஆணியோடு வரப்போகிறவருக்கு.
எழுத்து அவருக்கு விளங்காமல் போகலாம்.
கோடுகள் நேராக இருக்கின்றன.

லூட்கேக்கு ஆறு கிழமைக்கு நேரமில்லை.
மூன்றேகால்.
நாலு, ஐந்து, ஆறு என்று கீழே போகிறது ஒரு குரல்.
ஏழாம் படிக்கு மேலே
இன்னும் பென்சில் வட்டம்தான்.