செவுள்

கப்பல் தூரத்திலேயே நின்றுவிட்டது.
நாகப்பட்டினத்துக் கரையில் அதற்கு ஆழம் போதாது.
குட்டிப் படகுகளில் இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள்,
எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி.
அவர்கள் கையிலிருந்த தாளில்
அஞ்சலாட்சி என்ற என் பெயர்
அஞ்சு என்று சுருங்கியிருந்ததாம்.
அதற்குக் கீழே:
காலையில் பிடித்த மீன்,
கடலிலிருந்து நேரே சட்டிக்கு,
இரண்டரை மணி நேரம்.

மே மாதம்.
அக்கரைப்பேட்டை விசைப்படகு அத்தனையும்
கடுவையாற்றில் கட்டிக் கிடக்கிறது,
பெயிண்ட் வாடை, சுத்தியல் சத்தம்.
தடைக்காலம் படகுக்கு உண்டு, கப்பலுக்கு இல்லை.
"வஞ்சிரம் இப்ப கேரளா லாரியிலதான் வருது தம்பி,
நாலு நாள் ஐஸு" என்றேன் ஏஜென்ட் இளம்பரிதியிடம்.
"அவங்களுக்குத் தெரியவா போவுது?
துண்டு போட்டு மஞ்சளைத் தடவிடுங்கக்கா."

தடவினேன்.
ஒன்றை மட்டும் முழுசாக வாழையிலையில் கிடத்தினேன்,
போட்டோவுக்கு.

என் மெஸ் பெஞ்சுகள் வெயிலுக்கு வந்தன.
வாடகைச் சட்டி, வாடகை ஷாமியானா,
ஆளுக்கொரு கையுறை.
காரமே கூடாது என்று உத்தரவு.
மிளகாயில்லாத மீன்குழம்பை
காய்ச்சல்காரனுக்குக்கூட நான் வைத்ததில்லை.
ஒருவர் ஒரேயொரு தடவை கிண்டினார்,
அதை மூன்று பேர் படம் எடுத்தார்கள்.
சின்ன வெங்காயம் உரித்து அழுத பெண்
அழுததற்காகச் சிரித்தாள்.
காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெனடிக்டா
எல்லாச் சிரிப்பையும் எனக்குத் தமிழில் சொன்னாள்.

கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்து வந்தாள்.
எழுபது இருக்கும். தொப்பி போடவில்லை.
கையுறையைக் கழற்றி
படுத்திருந்த வஞ்சிரத்தின் செவுளைக்
கட்டைவிரலால் தூக்கினாள்.
உள்ளே சேற்று நிறம்.
குனிந்து முகர்ந்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
ஏலத்தில் இருபது வருஷமாக
நான் மற்றவர்களைப் பார்ப்பது அது.

"என்னவாம்?" என்றேன்.
"ஒண்ணும் சொல்லலையே" என்றாள் பெனடிக்டா.
செவுளை மூடினாள், பெட்டியை மூடுவதுபோல.
புளிக்கரைசலில் விரல் நனைத்து நக்கிப் பார்த்தாள்.
ஒரு உருண்டைப் புளியை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
இன்னும் போடு.
அவள் கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு.
எனக்கும் உண்டு, அரை அங்குலம் தள்ளி.

அதன் பிறகுதான் பெஞ்சுக்கு அடியில்
என் பேசினைப் பார்த்தாள்.
விடியலில் ஃபைபர் படகில் வந்த மத்தி,
கண் இன்னும் மங்காதது.
"அது வீட்டுக்கு" என்றேன்.
பெனடிக்டா அதை எப்படிச் சொன்னாளோ,
அந்தம்மா தரையில் உட்கார முயன்றாள்.
முழங்கால் பாதியில் நின்றது,
இரண்டு பேர் பிடித்து இறக்கினோம்.
அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.
நகத்தால் தலையைத் திருகி
குடலோடு உருவி எறிந்தாள்.
நான் மூன்று முடிப்பதற்குள் அவள் ஐந்து.
எனக்குக் கோபம் வந்தது.
வேகமாக ஆய்ந்தேன்.
அவளும்.

இருபத்தொரு பேர் வஞ்சிரம் தின்று
பிரமாதம் என்றார்கள். புளி காப்பாற்றியது.
நாங்கள் இருவரும் மிளகாய் பிரட்டிப் பொரித்த மத்தியை
சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றோம்.
அவளுக்கு மூக்கு ஒழுகியது, தண்ணீர் கேட்கவில்லை.
தட்டோரத்தில் முட்களை வரிசையாக அடுக்கினாள்.

கடலில் கப்பல் ஊதியது.
தாளில் ஐந்து நட்சத்திரம் வாங்கிக்கொண்டு
இளம்பரிதி எல்லாரையும் படகுக்கு ஓட்டினார்.
அவள் மட்டும் நின்று
அந்த வஞ்சிரத் தலையைக் காட்டி என்னமோ கேட்டாள்.
பெனடிக்டா தயங்கினாள்.
"சொல்லுடி."
"கிலோ என்ன விலைக்கு வாங்குனீங்கன்னு கேக்குறாங்க."

சொன்னேன்.
ஐரோப்பியப் பணத்தில் கணக்குப் போட்டுச் சொன்னாள் பெனடிக்டா.
அந்தம்மா ச்சு கொட்டினாள்,
தலையை ஆட்டிக்கொண்டே படகில் ஏறினாள்.

படகு திரும்புவதற்குள்
லாரிக்காரனுக்கு போன் போட்டுவிட்டேன்.