குறிப்பு என்று ஒரு கட்டம்

ஆனி கடைசி வெள்ளி லாரி வந்தது.
நூற்று நாற்பத்தாறு மிதிவண்டிகள்,
பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.
இறக்க வந்தவர்கள் இரண்டு பேர்.
ஒருவன் டீ குடிக்கப் போய்
முதுநகர் ரயில்வே கேட்டுக்கு
அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்.
"அஞ்சலாட்சி, ஒரு கை பிடியேன்" என்றார் பெரிய டீச்சர்.
ஒரு கைதான் பிடித்தேன்.

சுவரோரம் சாத்திய வரிசை
ஒன்று சரிந்தால் கடைசிவரை சரியும்.
எனக்குத் தெரியாததா,
தினமும் பெஞ்சு நகர்த்திப் பெருக்குகிறவளுக்கு?
தெரிந்துதான் தடுக்கப் போனேன்.
பென்சில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.
வலி பிறகுதான் வந்தது.
முதலில் வந்தது
புது டயர் வாசனை.

ஆட்டோ கெடிலம் பாலத்தில் ஏறும்போது
என் தோளைப் பிடித்துக்கொண்டு டீச்சர் சொன்னார்:
"கேட்டாங்கன்னா வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடும்மா.
நீ ரெஜிஸ்டர்லயே இல்லையே.
எனக்குத்தான் மெமோ வரும்."
அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.
ஆட்டோவுக்கு இருநூறு அவர்தான் கொடுத்தார்.

ரெஜிஸ்டரில் இல்லை, உண்மை.
பெற்றோர் ஆசிரியர் கழகத்து வவுச்சரில் இருக்கிறேன்,
ஒன்பது வருஷமாக,
மாதம் மூவாயிரத்துக்கு.
பணியில் அடிபட்டது என்று சொல்ல
முதலில் பணி வேண்டுமே.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
சீட்டு எழுதுகிறவன் நிமிராமல் கேட்டான்:
"எங்க விழுந்தே?"
"வீட்டுல."
"வீட்டுல எங்க?"
இதை டீச்சர் சொல்லித்தரவில்லை.
எங்கள் வீட்டில் வழுக்க என்ன இருக்கிறது?
மண்தரை, குளிக்க ஒரு கீற்று மறைப்பு.
"பாத்ரூம்ல" என்றேன்.
எழுதிக்கொண்டான்.
இல்லாத பாத்ரூம் ஒன்று
அன்றைக்கு எனக்குக் கிடைத்தது
அரசாங்கச் சீட்டில், முத்திரையோடு.

நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது.

ஆறு வாரம் கழித்துப் போனேன்.
இடது கையில் விளக்குமாறு
வேறு திசைக்குப் பெருக்குகிறது.
குப்பை சுற்றி வந்து
என் காலடியிலேயே நிற்கிறது.
மணியும் நான்தான் அடிப்பேன்.
தண்டவாளத் துண்டில் முதல் அடி விழுந்ததும்
பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்,
பெல்லா, இல்லை ஏதாவது விழுந்துவிட்டதா என்று.

வழங்கும் விழா நடந்து முடிந்திருந்தது.
பேனரை மடித்து மூலையில் போட்டிருந்தார்கள்.
விலையில்லா மிதிவண்டி.
அந்த முதல் வார்த்தையில் கொஞ்சம் நின்று
விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ஷமீமா
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து புலம்பினாள்:
"பாருங்கக்கா, எனக்கு மட்டும் டேமேஜ் பீஸ்."
மட்கார்டில் ஒரு நெளிவு.
தடவிப் பார்த்தேன்.
என் கை அதில் சரியாக உட்கார்ந்தது.
"ஓடுதில்ல, ஓட்டு" என்று அனுப்பிவிட்டேன்.

மாதக் கடைசி.
கிளார்க் பர்குணன் வவுச்சரை நீட்டினார்,
கூடவே மைப்பெட்டியையும்.
"கையெழுத்து வராதில்ல, இடது பெருவிரலை வைங்க."
எட்டாவது வரை படித்தவள் நான்.
பேனா கேட்டேன்.
ஆறே எழுத்துப் பெயர்.
'அ' முடியவே அரை நிமிஷம்.
'லா'வுக்குப் போட்ட துணைக்கால்
துணையில்லாமல் தள்ளிப் போய் நின்றது.
பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம்,
ஒன்பது வருஷமாகக் காலியாக வருகிற கட்டம்.
பேனா கையில் இருந்தது, எழுதினேன்:
பள்ளியில் சைக்கிள் விழுந்து கை ஒடிந்தது.
தேதியும் போட்டேன்.

"இதெல்லாம் இங்க எழுதக் கூடாதும்மா."
டிராயரைத் திறந்து
வெள்ளை மை பாட்டிலை எடுத்துக் குலுக்கினார்.
மறுபடி குலுக்கினார்.
காய்ந்து கட்டியாகியிருந்தது.

மணி நாலு பத்து.
கடைசி பெல்லுக்கு எழுந்து போனேன்.