அரைக் கட்டை கீழே

பத்து சொல்லு என்கிறான் பீர்க்கண்ணு.
பத்து வருஷத்துக்குப் பத்து கேசட், வரிசையாக.
சம்பளப் பாக்கி எண்ணுகிறவன் போல
விரலை மடக்கிக் காத்திருக்கிறான்.

தொண்ணூற்றேழில் நான் ரூவிக்கு வந்தேன்.
இரண்டாயிரத்தேழில் புயல் வந்தது.
என் பத்தாண்டு இவ்வளவுதான்,
காலண்டர்க்காரன் எங்கே வேண்டுமானாலும் கிழித்துக்கொள்ளட்டும்.

மஞ்சள் அட்டையில் ஆரம்பிக்கிறேன்.
பெயர் தெரியாது. முராத் பக்ஷ் கடையில்
கேசட் நகல், அட்டை நகலின் நகல்,
பாடியவள் முகத்தில் மூக்கு மட்டும் மிச்சம்.
முந்நூறு பைசா.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு,
வயலின் நுழைவதற்குச் சற்று முன்னால்
யாரோ இருமுகிறார்.
அந்த இருமலை எடுத்துவிட்டால் அது வெறும் பாட்டு.
ஏழாம் இடம்.

நாகஸ்வரமும் ட்ரம்ஸும் சேர்ந்த ஒன்று,
கல்யாண வீட்டில்
முகம் பார்த்துக்கொள்ளாத சகலபாடிகள் போல.
அறையில் கேட்டால் தலைவலி.
வாதி கபீர் ஏற்றத்தில்
இரண்டாயிரம் காலன் தண்ணீர் முதுகுக்குப் பின்னால் ததும்ப
லாரி இரண்டாம் கியரில் முனகும்போது
மூன்றுக்கும் சுருதி சேர்ந்தது.
நான்காம் இடம். இல்லை, மூன்று.

நிஸ்வா பக்கத்து பெட்ரோல் பங்கில்
சில்லறைக்குப் பதிலாகத் தந்த ஊத் கேசட்.
ஒரு சொல்லும் புரியாது.
புரிந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

ஐந்தாவது பாதிதான்.
முதல் பக்கத்தை அழித்து
பாக்கியலீலா பேசி அனுப்பியிருந்தாள்:
கரண்ட் பில், ஆட்டுக்குப் பேதி,
மேற்குச் சுவரில் விரிசல், அப்புறம் இன்னொன்று என்று
சொல்லத் தொடங்கும்போது பேச்சு அறுந்து
பழைய பாட்டின் கடைசிச் சரணம் வந்து விழும்.
அந்த இன்னொன்று என்ன என்று
லீவில் போனபோது கேட்டேன்.
அவளுக்கும் ஞாபகமில்லை.

ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடிய
அந்தப் பெரிய படத்துப் பாட்டு எங்கே என்கிறான்.
இல்லை என்றேன்.
பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.
எழுந்தவன் போகவில்லை.

புயலில் லாரி கண்ணாடி வரை சேறு.
டேஷ்போர்டுக்குள் நாற்பது கேசட்.
நல்ல தண்ணீரில் அலசி
கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்,
நானும் கிளீனர் ஷஹாபுதீனும்.
நாடா காய்ந்து வற்றல் போல் சுருண்டது.
ஒன்றும் பாடவில்லை. ஒன்று மட்டும்
நாலு நாள் கழித்து ஒரே ஒரு மூச்சு விட்டது.

சரி, முதல் இடம் எது?
மஞ்சள் அட்டைக்காரியின் இன்னொரு கேசட் என்றேன்,
ஒரு வரியைப் பாடியும் காட்டினேன்.
பீர்க்கண்ணு போனில் தேடி எடுத்துவிட்டான்.
படத்தில் அவளுக்குக் கண்கள் இருந்தன.
போட்டான்.

இது அவள் இல்லை.
யாரோ சிறுமி, பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே பாடுகிறாள்.
அவள்தான் என்று அவன் சத்தியம் செய்கிறான்.
அப்போதுதான் உறைத்தது:
வெயிலில் வெந்த என் லாரி டெக்
பத்து வருஷமும்
அரைக் கட்டை கீழேதான் ஓடியிருக்கிறது.
நான் அழுத பாட்டெல்லாம்
யாரும் அந்தச் சுருதியில் பாடாதவை.
ஷஹாபுதீன் மட்டும் கூடவே முனகுவான்,
அவன் இப்போது சிட்டகாங்கில் எங்கேயோ.

மெதுவாக்க அதில் வழி இருக்கிறதா என்றேன்.
இருக்கிறதாம்.
முக்கால் வைத்தால் பேய்.
தொண்ணூறில் குடிகாரி.
இன்னும் கொஞ்சம் ஏற்று, பீர்க்கண்ணு,
தொண்ணூற்றைந்துக்கு ஒரு மயிரிழை கீழே,
ஏசியையும் நிறுத்து,
எட்டு ஒன்பது பத்தெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.